இரைப்பை அமிலப் பம்பின் பீட்டா பகுதிக்கான ஆன்டிபாடி: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

இரைப்பையில் அமிலம் சுரப்பது பெரைட்டல் செல். ஸ்லைடில் அந்தச் செல்லை அடையாளம் காட்ட ஆய்வகங்கள் அதிகம் நம்புவது, ஹைட்ரஜன்–பொட்டாசியம் ஏடிபேஸ் என்ற புரோட்டான் பம்பின் பீட்டா துணையலகைப் (பம்பின் இரு புரதப் பகுதிகளில் ஒன்று) பிடிக்கும் மௌஸ் மோனோகுளோனல் ஆன்டிபாடியைத்தான் (சுண்டெலிச் செல்களிலிருந்து வரும், ஒரே இடத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி). 2பி6, 2ஜி11 என்ற இரண்டு க்ளோன்கள் (ஒரே செல் வழியில் வரும் ஆன்டிபாடி வகைகள்) பரவலாகப் புழக்கத்தில் இருக்கின்றன. இங்கே எடை போடுவது ஒரு விற்பனையாளரின் பாட்டிலை அல்ல, இந்த வகை ஆன்டிபாடியையே. யாரிடம் வாங்கினாலும் வேலை செய்யும் விதமும் சொதப்பும் இடங்களும் ஏறக்குறைய ஒன்றுதான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மனித இரைப்பையின் பாரஃபின் பிளாக்கில் (மெழுகில் பதித்த டிஷ்யூவில்) பெரைட்டல் செல்களை எண்ண இதைவிடத் தெளிவான கருவி கிடைப்பது கடினம். புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் காணும் வெஸ்டர்ன் பிளாட்டிலும் நன்றாக வேலை செய்யும். ஆனால் விழும் பேண்டை (பட்டையை) படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். சுண்டெலி டிஷ்யூவில் போட்டால் கூடுதலாக அரை நாள் வேலையும் நிறைய கவனமும் பிடிக்கும். அமிலம் சுரக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு இதனிடம் பதில் கிடையாது.

இந்த ஆன்டிபாடி 'வேலை செய்யவில்லை' என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இரைப்பைதான், ஆன்டிபாடி அல்ல. பெப்சின் என்ற செரிமான என்சைம், புரதத்தில் தொங்கும் சர்க்கரைச் சங்கிலிகள், மைட்டோகாண்ட்ரியாவில் குவிந்திருக்கும் பயோட்டின், டிஷ்யூவிலேயே ஊறிக் கிடக்கும் ஐஜிஜி (உடலின் சொந்த ஆன்டிபாடி) ஆகிய நான்கும் சேர்ந்து நல்ல ஆன்டிபாடியையும் கெட்டதாகக் காட்டிவிடும். கீழே சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்த நான்கைப் பற்றியதே.

ஆல்ஃபாவை விட்டு பீட்டாவை ஏன் பிடிக்க வேண்டும்

பம்பில் இரண்டு துணையலகுகள். ஆல்ஃபா பெரியது, ஆயிரத்துக்கும் சற்று அதிகமான அமினோ அமிலங்கள். ஏடிபியை உடைத்து, புரோட்டானை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுப்பது இதுதான். ஒமெப்ரசோல் போன்ற மருந்துகள் ஒட்டிக்கொள்வதும் இதன் சிஸ்டீன்களில்தான். பீட்டா சிறியது, 291 அமினோ அமிலங்கள். சவ்வை ஒரே ஒரு முறை கடந்து, தன் உடலின் பெரும்பகுதியை வெளிப்பக்கம் வைத்திருக்கும். பம்பு செல்லுக்குள் குமிழிகளில் இருக்கும்போது குமிழியின் உட்பக்கம். ஆல்ஃபாவைச் சரியான இடத்துக்குக் கொண்டுசேர்த்து, சிதையாமல் பாதுகாப்பது பீட்டாவின் வேலை.

வேலை செய்வது ஆல்ஃபா என்றால் அதற்கே ஆன்டிபாடி வாங்கலாமே என்று தோன்றும். சிக்கல் உறவுமுறையில் இருக்கிறது. இந்த ஆல்ஃபாவும் எல்லாச் செல்களிலும் இருக்கும் சோடியம்–பொட்டாசியம் ஏடிபேஸின் ஆல்ஃபாவும் 60 சதவீதத்துக்கு மேல் ஒரே வரிசை. அதனால் ஆல்ஃபாவுக்கான பாலிகுளோனல்கள் (பல இடங்களைப் பிடிக்கும் ஆன்டிபாடிக் கலவைகள்) உறவுக்காரப் புரதத்தையும் பிடித்துவிடும் வாய்ப்பு எப்போதும் உண்டு. பீட்டாக்களிடையே ஒற்றுமை மிகக் குறைவு. குறுக்கே பிடிக்கிறதா என்று கண்டுகொள்ள ஒரு அடையாளமும் இருக்கிறது. சோடியம்–பொட்டாசியம் பம்பு இருப்பது எபிதீலியச் செல்களின் அடிப்பக்க, பக்கவாட்டுச் சவ்வில். சுரப்பியில் உள்ள எல்லாச் செல்களின் ஓரத்திலும் மெல்லிய கோடு விழுந்தால் பிடிபட்டது வேறு பம்பு. அமிலப் பம்பு பெரைட்டல் செல்லின் உள்ளே, சைட்டோபிளாசம் முழுக்கக் குறுமணலாகவோ கால்வாய் போலச் சுருண்டோ தெரிய வேண்டும். உட்கரு இருக்கும் இடம் காலியாக இருக்க வேண்டும்.

வெஸ்டர்ன் பிளாட்: அகலமான பேண்டைக் கண்டு பயப்படாதீர்கள்

வரிசையை வைத்துக் கணக்குப் போட்டால் பீட்டாவின் எடை 33 கிலோடால்டன் அளவில் வரும். ஜெல்லில் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தால் எதுவும் தெரியாது. முதிர்ந்த பீட்டாவில் ஆறு ஏழு இடங்களில் என்-வகைச் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்கும். அதனால் அது 60 முதல் 80 கிலோடால்டன் வரை, விளிம்பு மங்கிய அகலமான பட்டையாக ஓடும். ஒவ்வொரு மூலக்கூறிலும் சர்க்கரை கொஞ்சம் கூடக் குறைய இருப்பதால் கூர்மையான கோடு வராது. புதிதாகச் செய்பவர்கள் பலர் இதை ஓவர்லோடு என்றும் ஆன்டிபாடி அதிகம் என்றும் நினைத்துக் குறைத்துக்கொண்டே போவார்கள். குறைத்தால் பட்டை மங்குமே தவிர ஒடுங்காது. உண்மையில் இந்த ஆன்டிபாடியில் சந்தேகப்பட வேண்டியது கூர்மையான ஒற்றைக் கோட்டைத்தான்.

நிரூபிக்க எளிய வழி, என்-வகைச் சர்க்கரைகளை வெட்டி எடுக்கும் பிஎன்ஜிஏஸ் எஃப் என்சைம். 10 மைக்ரோகிராம் புரதத்தை 0.5 சதவீத எஸ்டிஎஸ்ஸும் (புரதத்தை விரிக்கும் சோப்பு) 40 மில்லிமோலார் டிடிடியும் (டைசல்ஃபைடு பிணைப்பை உடைப்பது) கலந்த பஃபரில் 50 டிகிரியில் 10 நிமிடம் வைத்து விரியவிடுங்கள். பிறகு 1 சதவீதம் வரும்படி என்பி-40 (மென்மையான சோப்பு) சேர்த்து, என்சைமைப் போட்டு, 37 டிகிரியில் ஒரு மணி நேரம். என்பி-40 விட்டுப்போனால் எஸ்டிஎஸ் அந்த என்சைமையே முடக்கிவிடும்; 'சர்க்கரை இறங்கவில்லை' என்ற முடிவுக்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான். ஒழுங்காக நடந்தால் அந்த மங்கலான பட்டை மறைந்து 35 கிலோடால்டன் பக்கத்தில் ஒரு நேர்த்தியான கோடு எழும். என்சைம் சேர்க்காமல் அதே சூட்டில் வைத்த இன்னொரு குழாயைப் பக்கத்து லேனில் ஓட்ட மறக்க வேண்டாம். புதிய லாட் (தயாரிப்புத் தொகுதி) வந்தவுடன் இந்த இரண்டு லேனையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டால் அந்த பாட்டிலைப் பற்றிய பாதிச் சந்தேகம் தீரும்.

செல்லில் ஜீனை ஏற்றிப் பீட்டாவை உற்பத்தி செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே 50 கிலோடால்டன் பக்கத்தில் இன்னொரு பேண்டும் விழும். அது எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தைத் தாண்டாத, மேனோஸ் மிகுந்த முதிராத வடிவம். எண்டோ எச் என்சைம் அதை வெட்டும், முதிர்ந்த பட்டையைப் பெரும்பாலும் தொடாது. ஆல்ஃபாவைச் சேர்த்து ஏற்றாத செல்களில் இந்த முதிராத வடிவம் கண்ணில் படுவது இயல்பு.

இதே 50 கிலோடால்டனில்தான் சுண்டெலி மாதிரிகளின் பெரிய பொறியும் இருக்கிறது. டிஷ்யூவிலேயே இருக்கும் ஐஜிஜியின் கனச் சங்கிலியும் அந்த இடத்தில்தான் ஓடும். மௌஸ் முதன்மை ஆன்டிபாடிக்குப் போடும் ஆன்டி-மௌஸ் செகண்டரி (முதன்மையைப் பிடித்துச் சிக்னல் தரும் இரண்டாவது ஆன்டிபாடி) அதையும் தவறாமல் பிடிக்கும். கீழே 25 இல் லேசான சங்கிலியும் கூடவே தெரியும். இந்த 50 ஐ 'முதிராத பீட்டா' என்று எழுதிவிடும் ஆபத்து நிஜமானது. முதன்மை ஆன்டிபாடி இல்லாமல் செகண்டரி மட்டும் போட்ட ஒரு துண்டு மெம்பிரேன் இந்தக் குழப்பத்தை அப்படியே தீர்த்துவிடும். அது இல்லாத சுண்டெலி பிளாட்டை நம்ப வேண்டியதில்லை.

அளவுகள்: இரைப்பையின் உடல்பகுதியிலிருந்து எடுத்த முழு லைசேட் (டிஷ்யூவை நசுக்கிக் கரைத்த கரைசல்) என்றால் லேனுக்கு 5 முதல் 10 மைக்ரோகிராம் தாராளம். இந்தப் பம்பு பெரைட்டல் செல்லில் அவ்வளவு நிறைய இருக்கிறது. மைக்ரோசோம் (பிரித்தெடுத்த சவ்வுக் குமிழிகள்) தயாரிப்பு என்றால் 1 மைக்ரோகிராமே போதும். 30 மைக்ரோகிராம் ஏற்றும் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் பட்டை நிரம்பி வழிந்து, மாதிரிகளுக்கிடையே வித்தியாசமே தெரியாமல் போகும். 10 சதவீத ஜெல் 35, 60–80 என்ற இரு எடைகளுக்கும் பொருந்தும். ஆன்டிபாடி மில்லிலிட்டருக்கு 0.5 மைக்ரோகிராமில் தொடங்கி, இருபுறமும் இரண்டு மடங்கு ஏற்றி இறக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள். 1:1000 என்பது பாட்டிலின் செறிவு தெரியாமல் அர்த்தமில்லாத எண்.

லைசேட்டைக் கொதிக்க வைக்காதீர்கள். பீட்டா ஒரே முறை சவ்வைக் கடப்பதால் ஓரளவு தாங்கிவிடும். ஆனால் பத்து முறை கடக்கும் ஆல்ஃபா 95 டிகிரியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிணற்றின் அடியிலேயே உட்கார்ந்துவிடும். அதே மெம்பிரேனில் ஆல்ஃபாவையும் பார்க்கும் எண்ணம் இருந்தால் 37 டிகிரியில் 30 நிமிடம், அல்லது 50 டிகிரியில் 10 நிமிடம். பீட்டாவின் வெளிப்பகுதியில் மூன்று டைசல்ஃபைடு பிணைப்புகள் இருக்கின்றன. ஆன்டிபாடி பிடிக்கும் இடம் அந்த மடிப்பைச் சார்ந்திருந்தால் டிடிடி அதை அழித்துவிடும். அதனால் பேண்டே இல்லை என்றால் ஆன்டிபாடியைத் தூக்கி எறிவதற்கு முன், டிடிடி இல்லாத லோடிங் பஃபரில் ஒரு லேன் ஓட்டுங்கள். இரண்டையும் ஒட்டிய லேன்களில் வைக்காமல் நடுவே ஒரு கிணறு காலியாக விடுங்கள். டிடிடி பக்கத்துக்குக் கசியும்.

மாதிரி எடுக்கும்போதே பாதி வெற்றி

இரைப்பை லைசேட்டுக்கென்று ஒரு தனி ஆபத்து உண்டு: பெப்சின். தலைமைச் செல்களில் இருக்கும் பெப்சினோஜன், அமிலம் பட்டால் தன்னைத் தானே வெட்டிக்கொண்டு பெப்சினாகிவிடும். டிஷ்யூவை நசுக்கும்போது அமிலமும் பெப்சினோஜனும் ஒரே குழாயில் கலக்கின்றன. பல ஆய்வகங்கள் கண்ணை மூடிக்கொண்டு போடும் புரோட்டியேஸ் மாத்திரைகளில் பெப்ஸ்டாட்டின் இல்லாதவையும் உண்டு. ஆஸ்பார்ட்டில் புரோட்டியேஸான பெப்சினை அவை தொடவே தொடாது. லேபிளைப் படியுங்கள். இல்லையென்றால் பெப்ஸ்டாட்டின் ஏ மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் தனியாகச் சேருங்கள். அது தண்ணீரில் கரையாது. மெத்தனாலிலோ டிஎம்எஸ்ஓவிலோ கரைத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வரிசை இப்படி: இரைப்பையைப் பெருவளைவு வழியே வெட்டித் திறந்து, உள்ளிருப்பதைக் குளிர்ந்த பிபிஎஸ்ஸில் மூன்று முறை அலசவும். கண்ணாடித் தகட்டின் விளிம்பால் மேற்பரப்புச் சளியை மெல்ல வழித்தெடுக்கவும். பிறகு 50 மில்லிமோலார் ட்ரிஸ், பிஎச் 7.4, 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 1 சதவீத ட்ரைட்டான் கலந்த பஃபரில் ஐஸ் மேல் வைத்து நசுக்கவும். பஃபர் டிஷ்யூவைப் போலப் பத்து மடங்காவது இருக்கட்டும். குறைந்தால் உள்ளிருக்கும் அமிலம் பஃபரின் பிஎச்சைக் கீழே இழுக்கும். நசுக்கியபின் ஒரு துளியை பிஎச் தாளில் தொட்டுப் பாருங்கள். 7க்குக் கீழே போயிருந்தால் அந்த மாதிரியை அளவிடும் வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். சளியை வழிக்காமல் விட்டால் லைசேட் நூல் நூலாக இழுபடும், பிப்பெட் அளவு தப்பும், ஜெல்லில் லேன் வளையும்.

பெப்சின் வேலை செய்திருந்தால் பிளாட் எப்படி இருக்கும் தெரியுமா? 60–80 பட்டை மெலிந்து, கீழே படிக்கட்டு போலத் துண்டுகள் விழும். அதுவும் ஒரே குழுவில் ஒரு விலங்குக்கு ஒரு மாதிரி. 'ஆன்டிபாடி லாட் சரியில்லை' என்று திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் இந்தப் படிக்கட்டைப் பார்த்துத்தான். லாட் கெட்டிருந்தால் எல்லா லேனிலும் ஒரே மாதிரி கெட்டிருக்கும். விலங்குக்கு விலங்கு மாறுகிறது என்றால் கத்தரி எடுத்த நேரத்தைப் பாருங்கள்.

இன்னொன்று, எந்த இடத்திலிருந்து வெட்டினீர்கள் என்பது. பெரைட்டல் செல்களின் அடர்த்தி இரைப்பை முழுவதும் ஒன்றல்ல. உடல்பகுதியின் நடுவே அதிகம், ஆன்ட்ரம் (இரைப்பையின் கீழ்ப்பகுதி) எல்லையை நெருங்க நெருங்கக் குறையும். அரை சென்டிமீட்டர் தள்ளி வெட்டினால் பேண்டின் அளவு மாறிவிடும். ஒவ்வொரு விலங்கிலும் பெருவளைவின் ஒரே இடத்திலிருந்து ஒரே அளவுத் துண்டை எடுக்க முடியாவிட்டால், பிளாட்டை அளந்து வரைபடம் போடுவதில் பொருளில்லை.

ஸ்லைடில்

இந்த ஆன்டிபாடி பெயர் வாங்கியதே இங்கேதான். மனித இரைப்பை, ஃபார்மலினில் 24 மணி நேரம், பாரஃபின், 4 மைக்ரான் வெட்டு. 10 மில்லிமோலார் சிட்ரேட், பிஎச் 6.0, 95 முதல் 98 டிகிரியில் 20 நிமிடம் ஆன்டிஜன் மீட்பு (ஃபார்மலின் மறைத்த இலக்கைச் சூட்டால் வெளிக்கொணர்தல்), அதே பஃபரில் 20 நிமிடம் ஆறவிடல். பலவீனமாக வந்தால் பிஎச் 9 ட்ரிஸ்–இடிடிஏவை முயலலாம். ஆன்டிபாடி மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமில் இரவு முழுவதும் 4 டிகிரியில். மறுநாள் பார்த்தால் சுரப்பியின் நடுப்பகுதியில் பெரிய, உருண்ட, நடுவில் பழுப்பு ஏறாத நீல உட்கருவுடன் பழுப்புச் செல்கள் வரிசையாக நிற்கும். அடியில் தலைமைச் செல்கள் நீலமாகவே இருக்கும். 10 மடங்கு லென்ஸிலேயே எண்ணிவிடலாம்.

இங்கேதான் பயோட்டின் பொறி. பெரைட்டல் செல் மைட்டோகாண்ட்ரியாவால் நிரம்பியது. அமிலம் தள்ள ஏடிபி வேண்டுமே. மைட்டோகாண்ட்ரியாவில் பயோட்டின் ஒட்டிய என்சைம்கள் இருக்கின்றன. சூடாக்கி ஆன்டிஜன் மீட்டால் அந்தப் பயோட்டினும் வெளியே தலைகாட்டும். பயோட்டினை இறுகப் பிடிக்கும் அவிடினைக் கொண்டு நிறம் காட்டும் அவிடின்–பயோட்டின் முறையில் கண்டறிந்தால் முதன்மை ஆன்டிபாடியே போடாமலும் பெரைட்டல் செல் பழுப்பாகும். மற்ற பல டிஷ்யூக்களில் இப்படிப்பட்ட பின்னணி 'தவறான செல்லில்' விழுந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். இரைப்பையில் அது மிகச் சரியாக நாம் எதிர்பார்க்கும் செல்லிலேயே விழுகிறது. அதனால்தான் இது ஆபத்தானது: படம் அழகாக இருக்கும், ஆன்டிபாடி கெட்டுப்போயிருந்தாலும் கூட. பயோட்டின் இல்லாத பாலிமர் முறைக்கு மாறுங்கள். மாற வழியில்லை என்றால் அவிடின், பிறகு பயோட்டின் என்று 15 நிமிடம் வீதம் அடைக்கும் படியைச் சேருங்கள். எதுவானாலும் முதன்மை ஆன்டிபாடி இல்லாத ஸ்லைடு ஒவ்வொரு தடவையும் வேண்டும். ஒருமுறை செய்து பழைய படத்தைக் காட்டுவது போதாது.

பெராக்சிடேஸை 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் 10 நிமிடம் அடக்குங்கள். இல்லையென்றால் சுரப்பிகளுக்கிடையே இருக்கும் ஈசினோஃபில்கள் அடர்பழுப்பாக மின்னும். ஃபுளோரசன்ஸ் செய்பவர்கள் 488 (பச்சை) சேனலை இந்த ஆன்டிபாடிக்கு ஒதுக்க வேண்டாம். மைட்டோகாண்ட்ரியா நிறைந்த பெரைட்டல் செல் பச்சையில் தானாகவே ஒளிரும் இயல்புடையது. மறுபடியும் சரியான செல்லில் தவறான சிக்னல். 594 அல்லது 647 நல்லது.

எதிர்மறைக் கட்டுப்பாட்டுக்கு மனித ஆன்ட்ரத்தை வைக்கும் பழக்கம் சரியல்ல, அங்கேயும் ஆங்காங்கே பெரைட்டல் செல்கள் உண்டு. உணவுக்குழாயோ சிறுகுடலோ வையுங்கள். சுண்டெலிக்கு இயற்கையே ஒரு கட்டுப்பாட்டைக் கொடுத்திருக்கிறது. அதன் இரைப்பையின் முன்பகுதி தட்டைச் செல்களால் ஆனது, சுரப்பியே கிடையாது. முன்பகுதி, உடல்பகுதி, ஆன்ட்ரம் மூன்றும் ஒரே வெட்டில் வரும்படி நீளவாக்கில் பதித்தால், எல்லைக் கோட்டுக்கு இந்தப்பக்கம் சுத்தமாகவும் அந்தப்பக்கம் நிறைந்தும் இருக்க வேண்டும். அந்த எல்லை மங்கினால் ஸ்லைடை ஒதுக்கிவிடுங்கள். பீட்டா ஜீன் நீக்கப்பட்ட சுண்டெலிகளும் ஆய்வுலகில் உண்டு. அந்த டிஷ்யூ ஒரு துண்டு கிடைக்குமானால் அதைவிட வலுவான சான்று வேறில்லை.

சுண்டெலி மேல் மௌஸ் ஆன்டிபாடி

சுண்டெலியின் இரைப்பையில், அதிலும் அழற்சி உள்ள மாதிரிகளில், சுரப்பிகளுக்கிடையே பிளாஸ்மா செல்கள் இருக்கும். அவற்றுக்குள் ஐஜிஜி. ஆன்டி-மௌஸ் செகண்டரி நேராக அங்கே போய் ஒட்டும். கட்டுப்பாட்டுக் குழுவில் சுத்தமாகவும் அழற்சிக் குழுவில் அழுக்காகவும் தெரிவதால், ஒப்பிடும்போது தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

அடைக்கும் முறை: வழக்கமான சீரம் பிளாக்குக்குப் பிறகு, ஆன்டி-மௌஸ் ஐஜிஜியின் லேபிள் இல்லாத ஃபேப் துண்டு, மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம், ஒரு மணி நேரம். பிறகு மூன்று முறை நன்றாகக் கழுவல், அதன்பின் முதன்மை ஆன்டிபாடி. ஃபேப் என்பது ஒற்றைக் கையாக இருப்பது முக்கியம். செலவைக் குறைக்க முழு ஐஜிஜியைப் போட்டால் அதன் ஒரு கை டிஷ்யூவைப் பிடிக்கும், மற்றொரு கை நம் முதன்மை ஆன்டிபாடியைப் பிடித்து அதே தவறான இடத்தில் உட்கார வைக்கும், முன்பைவிட மோசமாகும்.

இதைவிட நேர்த்தியான வழி, செகண்டரியையே தவிர்ப்பது. பிஎஸ்ஏ (மாட்டுச் சீரப் புரதம்), கிளிசரால், அசைடு (கிருமி தடுக்கும் உப்பு) மூன்றும் இல்லாத பாட்டில் கிடைத்தால் ஆன்டிபாடியிலேயே ஃபுளோரோஃபோரை நேரடியாக ஒட்டிவிடலாம். பம்பு ஏராளமாக இருப்பதால் நேரடி லேபிளின் குறைந்த ஒளியும் போதுமானது. பிஎஸ்ஏ இருந்தால் சாயத்தை அது தின்றுவிடும் என்பதால் வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது.

சுண்டெலியில் பெரைட்டல் செல்லை எண்ணுவது மட்டுமே நோக்கம் என்றால் டிபிஏ என்ற லெக்டினைப் (சர்க்கரையைப் பிடிக்கும் புரதம்) பாருங்கள். பெரைட்டல் செல்லைக் குறிப்பாகப் பிடிக்கும், ஆன்டி-மௌஸ் சிக்கலே எழாது. மௌஸ் ஆன்டிபாடியோடு மல்லுக்கட்டுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். பல வண்ணச் சாயமேற்றத்தில் இன்ட்ரின்சிக் ஃபேக்டரைச் சேர்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். மனிதனில் அது பெரைட்டல் செல்லிலிருந்து வருகிறது, சுண்டெலியில் தலைமைச் செல்லிலிருந்து. மனித ஸ்லைடில் பீட்டாவோடு ஒன்றுசேர்ந்து தெரிந்தால் அது குறுக்குப் பிடிப்பு அல்ல.

இதனிடம் கேட்கக் கூடாத கேள்விகள்

ஓய்வில் இருக்கும் செல்லில் பம்பு குழாய்க் குமிழிகளில் கிடக்கும். ஹிஸ்டமின் தூண்டியதும் அந்தக் குமிழிகள் சுரப்புக் கால்வாயின் சவ்வோடு கலக்கும். இந்த இடமாற்றத்தைக் காட்ட ஆன்டிபாடி உதவும். ஆனால் எஃப்-ஆக்டினுக்கு ஃபாலோய்டின், அல்லது எஸ்ரின் ஆன்டிபாடி கூட இருந்து கால்வாய் எங்கே என்று காட்ட வேண்டும். 63 மடங்கு எண்ணெய் லென்ஸில் கான்ஃபோகல் அவசியம். சாதாரண ஃபுளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப்பில் பாரஃபின் வெட்டைப் பார்த்து 'இடம் மாறியது' என்று எழுதுவது வெறும் ஊகம்.

அமிலம் சுரக்கிறதா என்பது வேறு கேள்வி. ஒமெப்ரசோல் கொடுத்த இரைப்பையிலும் இந்த ஆன்டிபாடி பளிச்சென்று சாயமேற்றும். மருந்து பம்பை நிறுத்துகிறதே தவிர அகற்றுவதில்லை. எலியில் இந்தப் பம்புப் புரதத்தின் அரை ஆயுள் 54 மணி நேரம் என்று அளந்திருக்கிறார்கள். ஆகவே ஆர்என்ஏ குறைந்த மறுநாளே புரதமும் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சுரப்பை அளக்க அமினோபைரின் சேகரிப்பையோ, அமிலத்தில் நிறம் மாறும் சாயத்தையோ, நேரடி பிஎச் அளவீட்டையோ நாடுங்கள்.

பிளாட்டில் பேண்ட் பாதியாகக் குறைந்தால் இரண்டு விளக்கங்கள் உண்டு: செல்கள் பாதியாகக் குறைந்தன, அல்லது செல்லுக்குள் பம்பு பாதியாகக் குறைந்தது. அழற்சியில் பெரைட்டல் செல்கள் அழிவது வழக்கம் என்பதால் முதல் விளக்கத்தின் வாய்ப்பே அதிகம். அதே விலங்கின் ஸ்லைடில் செல் எண்ணிக்கை இல்லாமல் இந்த பிளாட் எதையும் தீர்மானிக்காது. ஆக்டினை வைத்து நார்மலைஸ் செய்வதும் இங்கே உகந்ததல்ல. பெரைட்டல் செல்லிலேயே ஆக்டின் மிகுதி. செல் அழிந்தால் அதுவும் கூடவே குறையும். மொத்தப் புரதச் சாயத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஜிஎஸ் போன்ற இரைப்பைப் புற்றுச் செல் வரிசைகளில் இதைப் போட்டு விடை தேடுவோரும் உண்டு. பெரைட்டல் தன்மையை இழந்த செல்கள் அவை. அங்கே விழும் மெல்லிய பேண்டைப் பிஎன்ஜிஏஸ் எஃப் சோதனை செய்யாமல் பீட்டா என்று எழுதாதீர்கள்.

வாங்கும்போதும் வைக்கும்போதும்

க்ளோன் பெயர், மில்லிலிட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம், எந்த ஐசோடைப் (ஆன்டிபாடியின் துணைவகை), என்ன பஃபர் ஆகிய நான்கும் தாளில் இல்லாத பாட்டிலை வாங்காதீர்கள். ஐசோடைப் தெரிந்தால்தான் பொருத்தமான ஐசோடைப் கன்ட்ரோலை அதே மைக்ரோகிராம் அளவில் வைக்க முடியும். ஒரே டைலூஷனில் அல்ல. நிறுவனத்தின் தாளில் உள்ள படத்தில் முன்பகுதி, உடல்பகுதி எல்லை தெரிகிறதா, அல்லது ஒரு சுரப்பியை மட்டும் வெட்டி ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். மோனோகுளோனல் என்பதால் லாட்டுக்கு லாட் பெரிய மாற்றம் வராது. வந்தால் அது பெரும்பாலும் செறிவில்தான். பழைய டைலூஷனை அப்படியே போடாமல் மைக்ரோகிராமில் கணக்கிட்டால் பாதிச் சிக்கல் மறையும்.

வந்த அன்றே 10 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்து மைனஸ் 20 இல் வையுங்கள், உருக்கியதை மறுபடி உறைய வைக்க வேண்டாம். கையிலிருக்கும் குழாய் 4 டிகிரியில் இருக்கட்டும். ஆன்டிபாடி டைலூஷனைச் சேமித்துத் திரும்பப் பயன்படுத்துபவர்கள் அதில் அசைடு சேர்ப்பதுண்டு. முதன்மைக் கரைசலில் பரவாயில்லை, நன்றாகக் கழுவினால் போதும். எச்ஆர்பி (நிறம் காட்டும் பெராக்சிடேஸ் என்சைம்) ஒட்டிய செகண்டரியில் அசைடு போனால் என்சைம் நின்றுவிடும். வெற்று மெம்பிரேன்தான் கையில் மிஞ்சும். ஒரே பிளாட்டில் ஆல்ஃபா, பீட்டா இரண்டையும் பார்ப்பதானால் பலவீனமான ஆல்ஃபாவை முதலில் பாருங்கள், பீட்டாவைப் பிறகு. பீட்டா சிக்னல் அவ்வளவு வலுவானது. ஸ்ட்ரிப் செய்த பின்னும் அதன் நிழல் 60–80 இல் தங்கி, மேலே 95 இல் ஓடும் ஆல்ஃபாவின் அடி விளிம்பைத் தொட்டுவிடும்.